ஆங்கிலத்தில் எதிர்கால நிறைவும் நிறைவெச்சமும்

ஆங்கில இலக்கணத்தைப் பள்ளிக்கூடத்திற் பயின்றோர் அனைவரும், காலம் மூன்றையும் அவற்றின் உட்பிரிவுகளையும் ஓர் அட்டவணையாக மனனஞ் செய்திருப்பர். அவ்வட்டவணையின் கீழ்ப்புறத்தில், வகுப்பு முடியும் மணி அடிக்குந் தறுவாயில் ஆசிரியர் விரைந்து கூறிச் செல்லும் பிரிவொன்று உண்டு. அதன் பெயர் ‘பியூச்சர் பர்பெக்ட்’ என்பது. எதிர்காலத்தில் ஒரு குறித்த வேளைக்குள் ஒரு வினை நிறைவெய்தியிருக்கும் என்பதை அது காட்டுதலின், அதனை எதிர்கால நிறைவு என்று ஈண்டு வழங்குவோம். அதற்கு உறவாய் நிற்பது ‘பர்பெக்ட் இன்பினிடிவ்’. அதனை நிறைவெச்சம் என்போம். இவ்விரண்டும் பெரியோர் நூல்களில் அருகி வருவன, நம்மனோரின் அன்றாட எழுத்துக்கு வேண்டாதன என்பது மாணாக்கர் பலருடைய எண்ணம். யானும் அவ்வாறே எண்ணி, தேர்வில் அவற்றுக்குரிய இரண்டு மதிப்பெண்களைக் கவலையின்றி இழந்தவன். சென்ற ஆண்டு யான் எழுதிய கடிதமொன்றால் நேர்ந்த இழப்போ இரண்டு மதிப்பெண்ணோடு நிற்கவில்லை.

என் தமக்கையார் செவிலியர் கல்வியை முடித்து, கடல் கடந்த நாட்டிலுள்ள ஒரு மருத்துவமனையில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அவர் பயின்ற கல்லூரியார் மதிப்பெண் சான்றிதழை நேரே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும் என்பது நிபந்தனை. குறித்த நாள் நெருங்கியும் சான்றிதழ் வந்து சேராமையால், அஃது அனுப்பப்பட்டதா என்று வினவி மருத்துவமனையார் எழுதினர். தமக்கையார் அப்பொழுது இரவுப் பணியில் இருந்தார். தொலைபேசியில் என்னை அழைத்து, “கல்லூரியில் போன வாரமே அனுப்பியிருப்பார்கள் என்று எழுதிவிடு, தம்பி” என்றார். யானும் சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் கூறியதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, ‘த காலேஜ் வுட் ஹேவ் செண்ட் இட் லாஸ்ட் வீக்’ என்று எழுதி மின்னஞ்சலில் விடுத்தேன். நான்காம் நாள் மறுமொழி வந்தது. சான்றிதழ் அனுப்பப்படவில்லை என்பதை அறிந்து வருந்துவதாகவும், காலங் கடந்தமையால் அவ்விடத்தை வேறொருவருக்கு அளித்துவிட்டதாகவும் அதிற் கண்டிருந்தது. அனுப்பப்படவில்லை என்று நாம் எங்கே எழுதினோம் என்று வீட்டார் அனைவரும் திகைத்தோம். சான்றிதழோ அம்மறுமொழி வந்த இரண்டாம் நாள் அங்குப் போய்ச் சேர்ந்தது. தமக்கையார் மேலும் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.

அக்கடிதத்தின் படியை எடுத்துக்கொண்டு ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரிடஞ் சென்றேன். அவர் அதனை ஒருமுறை படித்து, ‘வுட்’ என்னுஞ் சொல்லின்கீழ் ஒரு கோடு இழுத்து, “இச்சொல்லை இங்கே வைத்தால், அனுப்பத்தான் இருந்தார்கள், ஆனால் ஏதோ தடுத்துவிட்டது என்று பொருள்படும்” என்றார். அக்கோட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

எதிர்கால நிறைவை ஆக்கும் முறை எளிது. ‘வில்’ அல்லது ‘ஷால்’ முன்னும், ‘ஹேவ்’ இடையும், வினையின் மூன்றாம் உருவம் பின்னுமாக நிற்கும். அதன் பொருளை விளக்குதற்கு எங்கள் ஊர் ரயில் நிலையமே போதும். செங்கற்பட்டினின்று தாம்பரஞ் செல்லும் மின்வண்டியொன்று எட்டு மணிக்கு எங்கள் நிலையத்தை விட்டுப் புறப்படுவதாகக் கொள்வோம். வீட்டிலிருந்து நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. நண்பன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கின்றான். மணியோ எட்டாக ஐந்து நிமிடம். “நாம் போய்ச் சேர்வதற்குள் வண்டி போயிருக்கும்” என்கிறோம். இதனை ஆங்கிலத்தார் ‘த ட்ரெயின் வில் ஹேவ் கான் பிபோர் வீ ரீச் த ஸ்டேஷன்’ என்பர். இவ்வாக்கியத்தினுள் மூன்று பொழுதுகள் உள. பேசுகின்ற இப்பொழுது ஒன்று. நிலையத்தை அடையப்போகும் பொழுது ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையே வண்டி புறப்படும் பொழுது ஒன்று. பேசுவோன் தன் மனத்தை இரண்டாவது பொழுதிற் கொண்டுபோய் நிறுத்தி, அங்கு நின்று திரும்பிப் பார்க்கின்றான். அங்கிருந்து நோக்குங்கால் வண்டி போனது இறந்த காலம்; இங்கிருந்து நோக்குங்கால் அதுவே எதிர்காலம். எதிர்காலத்தினுள் அமைந்த ஓர் இறந்த காலம் என்று இதனைச் சொல்லலாம். ‘வில் கோ’ என்று மட்டுஞ் சொன்னால் வண்டி போகும் என்பது விளங்கும்; நாம் வெறும் தண்டவாளத்தைப் பார்த்து நிற்கப்போகிறோம் என்பது விளங்காது.

இங்கு நம்மவர் வழுக்கும் இடங்களைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வேன். ‘பிபோர் வீ வில் ரீச்’ என்று துணைவாக்கியத்திலும் ‘வில்’ சேர்த்தல் ஆகாது. காலங் குறிக்கும் துணைவாக்கியம் எதிர்காலத்தைச் சுட்டினும் ஆங்கிலத்தில் நிகழ்கால வடிவிலேயே வரும். ‘வென் ஐ ஷால் ஹேவ் டன்’ என்பது போன்ற நடை பழைய நூல்களிற் காணப்படும். இக்காலத்தார் ‘வென் ஐ ஹேவ் டன்’ என்றே எழுதுவர். இனி, எதிர்கால நிறைவோடு பெரிதும் இணைந்து வருவது ‘பை’ என்னுஞ் சொல். செவ்வாய்க்குள் என்பது ‘பை’. செவ்வாய் வரை என்பது ‘டில்’. இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் பலர். கால அளவைக் குறித்து வருமிடத்து, ‘பை ஏப்ரல் ஐ ஷால் ஹேவ் பீன் ஹியர் த்ரீ இயர்ஸ்’ என்பது ஆங்கில மரபு. தமிழில் “ஏப்ரல் மாதத்தோடு யான் இங்கு வந்து மூன்றாண்டு நிறையும்” என்றால் அமையும். ‘இருந்திருப்பேன்’ என்று வலிந்து எழுதினால் அது மொழிபெயர்ப்பென்று காட்டிக்கொடுத்துவிடும்.

நிற்க. இதே ‘வில் ஹேவ்’ பிறிதொரு தொழிலும் செய்யும். இப்பொழுது மணி எட்டேகால் என்று கொள்வோம். நண்பன் செருப்பு அகப்பட்டபாடில்லை. நாம் இன்னும் வீட்டிலேதான். “இந்நேரம் வண்டி மறைமலைநகரைத் தாண்டியிருக்கும்” என்கிறோம். ஆங்கிலத்தில் ‘இட் வில் ஹேவ் பாஸ்ட் மறைமலைநகர் பை நௌ’. இங்கு எதிர்காலம் என்பது சிறிதுமில்லை. வண்டி தாண்டியது நடந்து முடிந்த செயல். நாம் கண்ணாற் கண்டிலேம். அறிந்தவற்றைக் கொண்டு உய்த்துணர்ந்து கூறுகின்றோம். இஃது ஊகப் பொருள். ஆங்கிலேயர் கடிதங்களின் தொடக்கத்தில் ‘யூ வில் ஹேவ் ஹெர்ட்’ என்று எழுதும் மரியாதைத் தொடரும் இதன்பாற்பட்டதே. தமிழ்க் கடிதங்களில் “கேள்வியுற்றிருப்பீர்கள்” என்று எழுதுகின்றோமே, அதற்கு அஃது அணுவளவும் வேறுபடாது. இக்கட்டுரையின் முதல் வாக்கியத்தை யான் ‘செய்திருப்பர்’ என்று முடித்ததும் ஊகத்தாலேயே. எவரையும் வினவி எழுதியதன்று. ஊகம் உறுதிப்படுங்கால் ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ்’ வரும். நடந்திராது என்று உறுதியாய் மறுக்குங்கால் ‘கேன்னாட் ஹேவ்’ வரும். தமிழில் அம்மறுப்பு “தாண்டியிருக்காது” என்றோ “தாண்டியிருக்க முடியாது” என்றோ அமையும்.

மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. மாலையில் நண்பனைக் கடிந்து, “நீ செருப்பை ஒழுங்காய் வைத்திருந்தால் வண்டியைப் பிடித்திருப்போம்” என்கிறோம். வண்டியைப் பிடித்தோமா? இல்லை. நடவாததொன்றை நடந்ததாகக் கற்பித்துக் கூறுவது இது. ஆங்கிலம் இங்கு ‘வில்’ என்பதை விலக்கி, ‘வீ வுட் ஹேவ் காட் இட்’ என்று ‘வுட்’ வைக்கும். ‘வுட் ஹேவ்’ என்று முன்னே எதுவுமின்றித் தனித்து வந்தாலும், ‘ஆனால் அவ்வாறு நடக்கவில்லை’ என்னுங் குறிப்பு ஆங்கிலேயர் செவியில் உடனே விழும்.

மூன்று வாக்கியங்களின் முடிவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்மின்: போயிருக்கும், தாண்டியிருக்கும், பிடித்திருப்போம். மூன்றும் ஒரே வார்ப்பில் வந்தவை. செய்து என்னும் வாய்பாட்டு இறந்தகால வினையெச்சம், அதன்மேல் ‘இரு’ என்னுந் துணைவினை, அதன்மேல் எதிர்கால இடைநிலை, இறுதியில் விகுதி. இனி நிகழ்வது, முன்னே நிகழ்ந்ததாக ஊகிப்பது, நிகழாதொழிந்தது ஆகிய மூன்றற்கும் தமிழில் ஒரே முற்றுவினை. அங்ஙனமாயின் தமிழர் ஒருவரையொருவர் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் எனின், அக்கம்பக்கத்துச் சொற்களால் என்க. ‘சேர்வதற்குள்’ என்பது முதற் பொருளையும், ‘இந்நேரம்’ என்பது இரண்டாவதையும், ‘வைத்திருந்தால்’ என்பது மூன்றாவதையும் காட்டிவிடுகின்றன. தமிழ் தன் வேறுபாட்டை வாக்கியத்தின் தலையில் வைத்திருக்கிறது. ஆங்கிலம் அதனை வினையினுள்ளேயே ‘வில்’, ‘வுட்’ என்று வைத்திருக்கிறது. தமக்கையார் கூற்றில் ‘போன வாரமே’ என்னுந் தொடர் இருந்தது. அதைக் கேட்ட தமிழர் எவரும் இரண்டாம் பொருளன்றி மூன்றாம் பொருள் கொள்ளார். யான் ‘வுட்’ என்று எழுதிய அக்கணமே அத்தொடரின் வலி ஒழிந்தது.

‘வில்’ இருக்க ‘வுட்’ ஏன் நம் கைக்கு முந்தி வருகிறது? ‘வில்’ என்பதினும் ‘வுட்’ பணிவானது என்று சிறுவயதிற் கற்றுக்கொள்கிறோம். ‘வுட் யூ கம்’ என்று கேட்பது மரியாதை என்று எவரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மரியாதைக்குரிய இடமெல்லாம் அதனை வைத்துவிடுகிறோம். அன்றியும் ‘அனுப்பியிருப்பார்கள்’ என்பதற்கு நேராக ‘வுட் ஹேவ்’ என்பதைப் பள்ளியில் ‘இப்’ வாக்கியங்களோடு ஒருமுறை மனனஞ் செய்துவிட்டால், பிறகு அத்தமிழ் வடிவம் எங்கு வரினும் அவ்வாங்கிலமே நாவில் எழும். நம் நாட்டில் ‘ஹி வுட் ஹேவ் ரீச்ட் பை நௌ’ என்று நாள்தோறும் எத்தனையோ பேர் சொல்லக் கேட்கிறோம். சொல்வோரும் கேட்போரும் ஒரே வகையாய்ப் பயின்றவராதலின் நம்முள் அதனால் தீங்கு விளைவதில்லை. இதனை வழு என்னாது இந்திய ஆங்கிலத்தின் தனி வழக்கென்று கொள்வாரும் உளர். யான் அவரோடு வழக்காட முன்வரேன். ஆயினும் கடல் கடந்து செல்லும் ஒரு கடிதத்தைப் படிப்பவர் அவ்வழக்கை அறியமாட்டார் என்பது மட்டும் எனக்கு ஐயமறத் தெரிந்துவிட்டது.

ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு என்றும் இன்றுள்ளவாறே இருந்ததில்லை. லாசரு இறந்தபின் வந்த ஆண்டவரை நோக்கி மார்த்தாள் கூறிய துயரவுரை யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பதினோராம் அதிகாரத்தில் உளது. மரியாளும் அதனையே மீண்டும் கூறுகின்றாள். நீர் இங்கு இருந்திருந்தால் என் சகோதரன் மாண்டிருக்க மாட்டான் என்பது அதன் கருத்து. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவ்வாக்கியத்தின் பிற்பகுதியில் ‘வுட் ஹேவ்’ இல்லை. ‘ஹேட்’ என்னும் ஒரு சொல்லே அவ்வேலையைச் செய்கிறது. அம்மொழிபெயர்ப்பிலேயே கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதே வகைப் பொருளுக்கு ‘வுட் ஹேவ்’ வந்துள்ளது. இரு வடிவமும் அக்காலத்தில் ஒருங்கே வழங்கின போலும். நம் திருச்சபைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் தமிழ் வேதாகமத்திலும் மார்த்தாளின் கூற்று ‘இரு’ என்னுந் துணைவினை இன்றி, வெறும் எதிர்கால எதிர்மறை முற்றாகவே முடிகின்றது. இன்று வீட்டில் ஒருவர் அதே துயரத்தைச் சொல்ல நேர்ந்தால் ‘இருக்க மாட்டான்’ என்பது வராமற் போகாது.

இனித் தமிழிலக்கணத்தின் பக்கம் சிறிது திரும்புவோம். லத்தீன் மொழியில் எதிர்கால நிறைவுக்கெனத் தனி வினைமுற்றே உண்டு. அன்பு செய்திருப்பேன் என்பதை ‘அமாவேரோ’ என்னும் ஒரு சொல்லாலும், அன்பு செய்திருக்க என்பதை ‘அமாவிஸ்ஸே’ என்னும் ஒரு சொல்லாலும் கூறுவர். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு ஐயர் லத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் 1716-இல் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. லத்தீனிற் பழகிய கண்ணுக்குத் தமிழின் முக்காலப் பாகுபாடு குறைபட்டதாகத் தோன்றுதல் இயல்பே. ஆனால் நம் பண்டையோர் இப்பொருளை அறியாதவரல்லர். அவர் இதனைக் காலத்தின் உட்பிரிவாக வைக்காமல், காலம் ஒன்று மற்றொன்றாக மயங்கி வருதல் என்னுந் தலைப்பில் வைத்தனர். தொல்காப்பியர் வினையியலில், வாராக் காலச் செயலையும் நிகழ்காலச் செயலையும் விரைவு பற்றி இறந்தகாலத்தாற் கூறுதல் உண்டு என்றார். இதற்கு உரையாசிரியர் காட்டும் நிகழ்ச்சி சுவையுடையது. புறப்பட வேண்டிய ஒருவன், இன்னும் உண்ணாதிருக்கும் மற்றொருவனை விரைவுபடுத்தி வினவுகின்றான். அவனோ உண்ணத் தொடங்குமுன்னரே உண்டுவிட்டதாகவும் வந்துவிட்டதாகவும் விடையிறுக்கின்றான். எங்கள் ஊரில் வாயிலில் நின்று அழைக்கும் நண்பனுக்குச் சட்டை போடாமலே “இதோ வந்துவிட்டேன்” என்று குரல் கொடுப்பவனும் தொல்காப்பியர் வகுத்த நெறிப்படியே பேசுகின்றான். நன்னூலார் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்பனவற்றையுஞ் சேர்த்தார்.

அதனினும் ஒன்று நோக்கத்தக்கது. “நாளை பாடத்தை முடித்தபின் வருவேன்” என்கிறோம். நாளை நடக்கப்போவதற்கு ‘முடித்த’ என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் எவ்வாறு பொருந்திற்று? வருதல் என்னும் வினைக்கு முடித்தல் முற்பட்டது. அம்முற்பாட்டையே அவ்வெச்சத்தின் காலம் காட்டுகிறது. வந்தவுடன், வந்தால், வந்து என்பனவும் இத்தகையனவே. ஆங்கிலம் எதிர்கால நிறைவு என்னும் நீண்ட தொடராற் கூறுவதைத் தமிழ் தன் எச்சங்களின் உள்ளேயே வைத்து ஓசையின்றி முடித்துவிடுகின்றது. ஆகவேதான் ‘செய்திருப்பேன்’ என்பதை முதற் பொருளில் நாம் அடிக்கடி வழங்க வேண்டி வருவதில்லை. “நாளை மாலைக்குள் முடித்துவிடுவேன்” என்பதே பெருவழக்கு. இதற்கும் “முடித்திருப்பேன்” என்பதற்கும் வேறுபாடு உண்டு. ‘முடித்துவிடுவேன்’ என்பது வாக்குக் கொடுத்தல்; ‘முடித்திருப்பேன்’ என்பது நாளை மாலை என் நிலை இன்னதென்று உரைத்தல். ஆங்கிலத்தில் ‘வில் டூ’ என்பதற்கும் ‘வில் ஹேவ் டன்’ என்பதற்கும் உள்ள இடைவெளியே இது.

நிறைவெச்சத்திற்கு வருவோம். ‘டு டூ’ என்பது செய்ய. ‘டு ஹேவ் டன்’ என்பது செய்திருக்க. தமிழில் இதற்கு நேர்வடிவம் இல்லையென்று கூறுவோர், “செய்திருக்க வேண்டும்”, “செய்திருக்கலாம்”, “செய்திருக்கக்கூடும்” என்று தாமே நாள்தோறும் பேசுவதை மறந்தவர். ‘மஸ்ட் ஹேவ்’, ‘ஷுட் ஹேவ்’, ‘மைட் ஹேவ்’ என்னும் ஆங்கிலத் தொடர்களில் ‘டு’ மறைந்து நிற்பதும் இந்நிறைவெச்சமே. ஆனால் இங்கும் ஒரு கண்ணி உளது. “அவர் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும்” என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அனுப்பியிருப்பார் என்று ஊகிக்கின்றோமா? அன்றி, அனுப்பாமற் போனாரே என்று குறை கூறுகின்றோமா? இரண்டுக்கும் அவ்வாக்கியமே. குரலின் ஏற்ற இறக்கத்தால் வேறுபாடு தெரியும், எழுத்தில் தெரியாது. ஆங்கிலமோ ஊகத்திற்கு ‘மஸ்ட் ஹேவ் செண்ட்’ என்றும், குறை கூறற்கு ‘ஷுட் ஹேவ் செண்ட்’ என்றும் பிரித்துவைத்தது. முன்னது அனுப்பினார் என்னும். பின்னது அனுப்பவில்லை என்னும். ஒருவர்மேல் பழி சுமத்துவதும் சுமத்தாததும் இவ்வொரு சொல்லின் வேறுபாட்டில் தொங்குகின்றமையால், தமிழினின்று மொழிபெயர்ப்போர் இங்கு நின்று நிதானித்துக் கடத்தல் வேண்டும்.

கேள்விச் செய்தியைக் கூறுமிடத்தில் நிறைவெச்சம் ஆங்கிலத்திற்கு இன்றியமையாதது. எங்கள் மின்வண்டி தாம்பரத்தைக் கடந்து செல்லும் வழியிலுள்ளது பரங்கிமலை. அப்போஸ்தலனாகிய தோமா கி.பி. 52-இல் இந்தியாவுக்கு வந்தார் என்பதும் அம்மலையில் இரத்தசாட்சியாய் மரித்தார் என்பதும் மரபுவழிச் செய்திகள். இவற்றை ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் செட் டு ஹேவ் கம்’ என்று எழுதுவர். சொல்லப்படுதல் நிகழ்காலம், வருதல் அதற்கு முன் நிகழ்ந்தது. அம்முற்பாட்டை ‘டு ஹேவ்’ காட்டுகிறது. ‘டு கம்’ என்று எழுதிவிட்டால் வருகிறார் என்றாகிவிடும். ஆறு சொற்களால் ஆங்கிலம் கட்டும் இதனைத் தமிழ்ப் பாட்டி ஒருத்தி “வந்தாராம்” என்று ஒரே சொல்லில் முடித்து, பேரனுக்கு அடுத்த கவளத்தை ஊட்டத் தொடங்கிவிடுவாள். எழுத்து வழக்கில் “வந்தார் என்ப”, “வந்ததாகக் கூறுவர்” என்று எழுதுகிறோம். ‘சீம்ஸ் டு ஹேவ் கான்’ என்பதற்குப் “போய்விட்டாற்போலத் தோன்றுகிறது” என்பது பொருந்தும்.

நிறைவேறாத எண்ணத்தைக் கூறுதற்கும் இவ்வெச்சம் பயன்படும். நம் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபுகுந்தது 1937-ஆம் ஆண்டில். அந்நாளை யான் கண்டிருந்தால் எத்துணை நன்றாயிருக்கும் என்று எண்ணுவேன். ‘ஐ ஷுட் லைக் டு ஹேவ் சீன் இட்’ என்றால் விருப்பம் இப்பொழுதையது, காட்சி அப்பொழுதையது. ‘ஐ ஷுட் ஹேவ் லைக்ட் டு சீ இட்’ என்றால் விருப்பமும் அப்பொழுதையதே. அக்காலத்தில் வாழ்ந்தும் காணமுடியாத முதியவர் ஒருவர் கூறத்தக்கது. இரண்டு இடத்திலும் ‘ஹேவ்’ வைத்து, ‘ஷுட் ஹேவ் லைக்ட் டு ஹேவ் சீன்’ என்று எழுதுவாரும் உளர். ஒரு ‘ஹேவ்’ அங்கு மிகையே. ‘ஹி வாஸ் டு கம்’ என்றால் வருவதாயிருந்தார் என்று மட்டுமாம். வந்தாரா என்பது அதனால் தெரியாது. ‘ஹி வாஸ் டு ஹேவ் கம்’ என்றாலோ வரவில்லை என்பது உள்ளடங்கிவிடும். தமிழில் “வருவதாயிருந்தது” என்று இழுத்து நிறுத்தினாலே, வராமற்போன செய்தி பின்னே வருகிறதென்று கேட்போர் காதைத் தீட்டிக்கொள்வர்.

இந்நிறைவெச்சம் மறைநூற் பொருளிலும் பெரிய வேலை செய்துள்ளது. கிரேக்க மொழியில் இதற்குத் தனி வடிவம் உண்டு. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், தாம் இன்னும் இலக்கைப் பற்றிக்கொண்டதாக எண்ணவில்லை என்று பவுல் அப்போஸ்தலர் கூறுமிடத்தில் வருவது அவ்வடிவமே. 1611-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் அது ‘டு ஹேவ்’ என்றே பெயர்க்கப்பட்டது. தமிழில் ‘என்று’ என்னும் இடைச்சொல்லோடு ஒரு முற்றுவினையாய் நிற்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இமெநேயு, பிலேத்து என்னும் இருவருடைய போதனை கண்டிக்கப்படுகிறது. உயிர்த்தெழுதல் முன்னமே நடந்து முடிந்தது என்பது அவர்கள் கொள்கை. அங்கும் மூலத்தில் இருப்பது நிறைவெச்சம். அதனை வெறும் எச்சமாகக் கொண்டு, உயிர்த்தெழுதல் நடக்கும் என்று பெயர்த்துவிட்டால் அவ்விருவரும் குற்றமற்றவராகிவிடுவர். அவர்களுடைய பிழை முழுவதும் அவ்வினை முற்றுப்பெற்றது என்பதிலேயே இருக்கிறது.

தமக்கையார் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். இவ்வளவும் கற்றுக்கொண்ட செருக்கில் அக்கடிதத்தைத் திருத்தி எழுதிக் காட்ட விரும்பினேன். ஊகமாயின் ‘வில் ஹேவ் செண்ட்’. உறுதியான ஊகமாயின் ‘மஸ்ட் ஹேவ் செண்ட்’. எதுவென்று தெளிதற்காக, “அக்கா, அனுப்பியிருப்பார்கள் என்று அன்று சொன்னாயே, எதை வைத்துச் சொன்னாய்?” என்று கேட்டேன்.

“எதை வைத்தா? அஞ்சலிற் சேர்த்த ரசீதைக் கல்லூரி அலுவலகத்தில் எனக்குக் காட்டினார்களே” என்றார்.

“அப்படியானால் அனுப்பிவிட்டார்கள் என்று ஏன் சொல்லவில்லை?”

“நானா கொண்டுபோய்ச் சேர்த்தேன்? பிறர் செய்த காரியத்தை அனுப்பியிருப்பார்கள் என்றுதானே சொல்வது வழக்கம்” என்று கூறிவிட்டு, அடுப்பிலிருந்த பாலைப் பார்க்க எழுந்து சென்றார்.

தாம் நேரிற் செய்யாத, நேரிற் காணாத ஒன்றை, அஃது எவ்வளவு உறுதியாயினும், ஒருபடி தாழ்த்திச் சொல்லும் அடக்கம் அவ்வடிவத்தில் இருப்பதை எந்த இலக்கண நூலிலும் யான் தேடவில்லை. அக்கடிதத்திற்கு வேண்டியிருந்தது எதிர்கால நிறைவுமன்று, நிறைவெச்சமுமன்று. ‘த காலேஜ் செண்ட் இட் லாஸ்ட் வீக்’ என்று, ‘வில்’லும் ‘வுட்’டும் ‘ஹேவ்’வும் இன்றி எழுதியிருக்க வேண்டும்.